மார்பில் படிந்த மலை

2014ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 28, சனிக்கிழமை மாலை. போரூரிலிருந்து குன்றத்தூருக்கு வரும் சாலையில், மௌலிவாக்கத்தில், கட்டி முடியும் நிலையிலிருந்த பதினோரு மாடிக் கட்டடம் ஒன்று நொடிப்பொழுதில் சரிந்தது. மாண்டவர் 61 பேர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் தமிழகத்து ஊர்களிலிருந்தும் வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவர்கள், தாம் ஒருநாளும் குடியேற முடியாத மாளிகையைத் தம் கையாலேயே எழுப்பி, அதற்கடியிலேயே புதைந்தனர். நாடு பதறிற்று. முதலமைச்சர் வந்தார், அதிகாரிகள் வந்தனர், ஓய்வு பெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அருகே எஞ்சி நின்ற மற்றொரு கட்டடத்தையும் 2016 நவம்பர் 2ஆம் நாள் வெடிவைத்துத் தகர்த்தனர். அதைக் காணவும் கூட்டம் கூடிற்று.

கட்டடம் சரிந்தால் ஓசை கேட்கிறது. கட்டுகிறவன் சரிந்தால்? ஓசை உண்டு, ஆனால் அஃது இரவு இரண்டு மணிக்கு, தகரக் கொட்டகைக்குள், தலையணையில் வாய் புதைத்து இருமுகிற ஓசை. அதைக் கேட்க நீதிபதி வருவதில்லை. அதற்குக் குழு இல்லை, குறிப்பேடும் இல்லை.

எங்கள் குன்றத்தூரைப் பத்தாண்டுகளுக்கு முன் கண்டவர்கள் இன்று கண்டால் வழி தெரியாமல் திகைப்பர். வயல்கள் மனைகளாயின, மனைகள் மாடிகளாயின. எப்பக்கம் திரும்பினும் சாரம் கட்டிய சுவர், குவித்த ஜல்லி, பச்சை வலை. வளர்ச்சி என்கிறார்கள். வளர்ச்சிதான், மறுப்பாரில்லை. அந்த வளர்ச்சியைத் தலையில் சுமக்கிறவர்களின் பிள்ளைகள்தாம் என் வகுப்பறையின் பாதி இருக்கைகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே இதுபற்றி எழுத எனக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். கணக்கில் சுட்டி. வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். காரணம் கேட்டால் தரையைப் பார்ப்பான். ஒருநாள் மாலை அவன் வீடு சென்றேன். தந்தை கயிற்றுக் கட்டிலில், சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். படுத்தால் மூச்சு நிற்கிறதாம். வயது முப்பத்தெட்டு, பார்த்தவர் அறுபது என்பர். தாய் சித்தாள் வேலைக்குப் போகும் நாளெல்லாம் தந்தைக்குத் துணையிருப்பவன் மகன். அதனால்தான் பள்ளியில் அந்த இருக்கை காலி.

“எல்லாம் தலையெழுத்து சார்” என்றார் அவர், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கி. “போன சென்மத்துல யார் வயித்துல அடிச்சேனோ.”

“மலைக்கு வேண்டிக்கிட்டிருக்கேன் சார். சஷ்டிக்கு சஷ்டி படி ஏறிட்டுத்தான் வர்றேன்” என்றார் அந்த அம்மையார். அண்டை வீட்டார் ஒருவர் இது செய்வினை என்று சொல்ல, தாயத்து ஒன்றும் கழுத்தில் ஏறியிருந்தது. அதற்குக் கொடுத்த பணத்தில் தூசி தடுக்கும் நல்ல முகக்கவசம் பல வாங்கியிருக்கலாம் என்று மனத்துள் கணக்கிட்டேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த அம்மையாரை நான் பழிக்கவும் மாட்டேன். காரணத்தைச் சொல்ல வேண்டியவர்கள் வாய் திறவாத இடத்தில், கடவுளின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இடம் காலியாக இருந்தது, வந்து அமர்ந்தது. குற்றம் காலியாக விட்டவர்களுடையது.

அவர் செய்த வேலை யாது? பதினான்கு ஆண்டுகள், கையில் பிடிக்கும் கட்டிங் மெஷினால் கிரானைட்டும் டைல்ஸும் அறுத்தவர். சமையலறை மேடை, மாடிப்படி, வாசற்படி. மூடிய அறைக்குள், நீரின்றி, உலர்வாக அறுப்பர். அறை முழுதும் வெண்புகையாகும். எதிரே நிற்பவர் முகம் தெரியாது. மூக்கில் ஒரு கைக்குட்டை. அதுதான் கவசம். மாலையில் தலைமயிரும் புருவமும் நரைத்த கிழவர்போல் வீடு திரும்புவார்; குளித்தால் இளைஞராகிவிடுவார். வெளியே படிந்தது நீரில் கரைந்தது. உள்ளே படிந்தது?

மருத்துவமனைச் சீட்டுகளை ஒரு துணிப்பையிலிருந்து எடுத்துக் காட்டினர். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று எழுதியிருந்தது. ஆயினும் காசநோய் மாத்திரை ஆறு திங்கள் தரப்பட்டிருந்தது. இருமல் நின்றபாடில்லை. சீட்டின் மேல்பகுதியில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு ‘தொழில்’ என்றொரு கட்டம். அதில் எழுதியிருந்த சொல்: கூலி.

மறுநாள் எங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினேன். ‘தந்தையின் தொழில்’ என்னும் பத்தியில் மேலிருந்து கீழ்வரை கூலி, கூலி, கூலி. கல் அறுப்பவரும் கூலி. சுவரில் மின்கம்பிக்குக் காடி வெட்டுபவரும் கூலி. பட்டி பூசி உப்புத்தாளால் தேய்ப்பவரும் கூலி. கல்லரைக்கும் ஆலையில் ஜல்லி அள்ளுபவரும் கூலி. முதலாளிக்குத் தொழில் உண்டு, அதற்குப் பெயர்ப்பலகையும் உண்டு. உழைப்பவனுக்கு மட்டும் தொழிலுக்குப் பெயரில்லை, வாங்கும் காசுக்குத்தான் பெயர்! கூலி என்பது தொழிலன்று, தோழர்களே. தொழிலை மறைக்கிற திரை. திரைக்குப் பின்னே எத்தனை பேருக்கு மூச்சு முட்டுகிறது என்பதைப் பதிவேடு ஒருபோதும் சொல்லாது.

இத்தாலியில் ரமாசினி என்றொரு மருத்துவர் இருந்தார். தொழிலாளரின் நோய்கள் பற்றி 1700ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்றார்: நீ என்ன வேலை செய்கிறாய்? கல் வெட்டுவோரின் நுரையீரலில் கல் தூசி சேர்வதை அந்நூலிலேயே எழுதினார். முந்நூறு ஆண்டுகள் கடந்தன. அந்தக் கேள்வி இன்னும் நம்மூர்ச் சீட்டுக்கு வந்து சேரவில்லை.

கேள்வி வந்து சேர்ந்தால் விடை எளிது. கல்லிலும் மணலிலும் கான்கிரீட்டிலும் செங்கல்லிலும் ஓட்டிலும் உள்ள பொருள் சிலிக்கா. அறுக்கும்போதும் அரைக்கும்போதும் துளையிடும்போதும் அது தூசியாகப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசி அத்தனை கொடியதன்று. மூக்கிலும் தொண்டையிலும் தங்கி வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி, தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கும் இல்லாதது, மூச்சறைகளின் அடிவரை இறங்குகிறது. உடலின் காவற்படையாகிய அணுக்கள் அதை விழுங்குகின்றன. விழுங்கிச் செரிக்க முடியாமல் தாமே மடிகின்றன. மடிந்த இடத்தில் தழும்பு. தழும்புமேல் தழும்பு. பஞ்சுபோல் விரியவேண்டிய நுரையீரல் தோல்போல் இறுகுகிறது. இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். பத்து இருபது ஆண்டுகளில் மெல்ல வருவதும் உண்டு. தூசி மிகுந்த இடத்தில் ஐந்தாண்டுக்குள் வருவதும் உண்டு. வேலையை விட்ட பிறகும் வளர்வது இதன் கொடுமை. தழும்பை நீக்கும் மருந்து உலகில் இல்லை. அதே தூசி புற்றுநோயும் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997இல் உறுதி செய்தது.

காசநோய் பற்றியும் ஒரு சொல். தாம்பரத்தில் சௌரி முத்து என்னும் மருத்துவர் 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவ நிலையம்தான், ‘சானடோரியம்’ என்று தொடர்வண்டி நிலையத்துக்கே பெயர் தந்தது. இந்தப் பக்கத்தில் நெடுநாள் இருமல் என்றதும் எல்லார்க்கும் முதலில் காசநோய் நினைவு வருவதில் வியப்பில்லை. சிலிக்காத் தூசி படிந்த மார்பில் காசநோய்க் கிருமி எளிதில் குடியேறும் என்பதும் மெய். ஆகவே இதுவா அதுவா என்ற வழக்கு வேண்டா. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கிருமிக்கு மாத்திரை கொடுத்து அதே தூசிக்குள் ஆளைத் திருப்பி அனுப்பினால், மாத்திரை என்ன செய்யும்?

நம் குன்றுகளின் கதையை அறிந்தால் இன்னும் விளங்கும். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறைக்குச் ‘சார்னோக்கைட்’ என்று உலகெங்கும் பெயர். கல்கத்தாவில் அடக்கமான ஜாப் சார்னாக் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு இங்கிருந்து கல் சென்றது. அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்னும் நிலவியலார் 1893இல் அவர் பெயரையே பாறைக்கும் சூட்டினார். சிலிக்காவின் படிகமாகிய குவார்ட்ஸ் அதில் உண்டு. புதைந்தவன் பெயர் பாறைக்கு ஏறிற்று. அந்தக் கல்லை வெட்டி எடுத்த நம் கல்லுடைப்பாளியின் பெயர் எந்த நூலில் ஏறிற்று?

நூல் என்றதும் எங்கள் ஊருக்கு உரிய நூல் நினைவு வருகிறது. குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். பெரியபுராணத்தின் ஊர் என்று பெருமை பேசுவோர் உளர். கம்பராமாயணத்தோடு அதையும் எரிக்கலாமா என்று 1943இல் அண்ணா நடத்திய சொற்போர், ‘தீ பரவட்டும்’ என்னும் பெயரில் நூலாகி நம் படிப்பகங்களில் கைமாறியதை நீங்களும் அறிவீர். நான் இங்கு அந்த வழக்கை மீண்டும் நடத்த வரவில்லை. அதிலுள்ள ஒரு கதை மட்டும் போதும்.

திருநின்றவூரில் பூசலார் என்றொருவர். கையில் காசில்லை, ஆகவே மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். அடிக்கல் நாட்டினார், சுவர் எழுப்பினார், கிணறும் தோண்டினார். எல்லாம் மனத்தில்! அதே வேளையில் காஞ்சியில் பல்லவ மன்னன் உண்மைக் கல்லால் கோயில் எழுப்பினான். இரண்டுக்கும் ஒரே நாளில் குடமுழுக்கு. இறைவன் மனக்கோயிலுக்கே முதலில் சென்றாராம். கதை அழகாகத்தான் இருக்கிறது. எனக்கோ அதைப் படிக்கும்போதெல்லாம் வேறொரு வினா எழுகிறது. மனத்தில் கல் அறுத்தால் தூசி எழாது. காஞ்சியில் எழுந்ததே, அந்தத் தூசி எங்கே போயிற்று? அம்மன்னன் கட்டியதாக ஆராய்ச்சியாளர் கருதுகிற கயிலாசநாதர் கோயில் பெரும்பாலும் மணற்கல்லால் ஆனது; மணற்கல்லோ சிலிக்காவின் குவியல். அதைச் செதுக்கிய தச்சர்களில் எத்தனை பேர் முப்பத்தெட்டு வயதில் கட்டிலில் சாய்ந்து அமர்ந்தனர்? பூசலாரின் மனத்துக்கு ஒரு புராணம் உண்டு. பல்லவனுக்குக் கல்வெட்டு உண்டு. தச்சனின் மார்புக்கு ஒன்றும் இல்லை.

நுரையீரல் மட்டுமா என்று கேட்பீர்கள். சிமெண்டின் காரம் கைகளை அரிக்கிறது. அதிலுள்ள குரோமியம் தீராத சொறியைத் தருகிறது. டென்மார்க் நாடு 1983லேயே சிமெண்டில் அந்தக் குரோமியத்தின் அளவைக் கட்டுப்படுத்திச் சட்டம் செய்தது. இங்கோ சித்தாளின் விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவுவதே வைத்தியம். மேலும் அவளுக்கு ஒதுங்க இடமில்லை. இடமில்லை என்பதால் காலை முதல் மாலை வரை நீர் அருந்துவதில்லை. சித்திரை வெயிலில் நீர் அருந்தாமல் சாந்துச் சட்டி சுமக்கிறாள். கடுப்பும் காய்ச்சலும் வந்தால் ‘சூடு’ என்கிறார்கள். சூடுதான்! யார் வைத்த சூடு? இருபது ஆண்டு சுமந்தாலும் அவள் சித்தாள்தான். கொத்துக்கரண்டி அவள் கைக்கு வருவதில்லை. பெண்ணடிமை பேசும் மேடைகள் ஒருநாள் இந்தச் சாரத்தடியில் வந்து நிற்கட்டும். இது தனியே எழுதவேண்டிய பொருள்; எழுதுவேன்.

தூசிக்குத் திரும்புவோம். தடுக்க முடியாததா? விதியா? உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பரில், கொத்தடிமை மீட்பு முன்னணி தொடுத்த வழக்கில், அரியானாவின் கல்குவாரிகள் பற்றி ஒரு தீர்ப்பளித்தது. கல்லரைக்கும் எந்திரத்துக்கு மேலே ஒரு பீப்பாய் நீர் வைத்து, அதிலிருந்து நீர் தொடர்ந்து தெளிக்குமாறு செய்க, அல்லது தூசியை உறிஞ்சும் கருவி பொருத்துக என்று அதில் ஆணையிட்டனர். ஒரு பீப்பாய் நீர்! யாகம் வேண்டா, பரிகாரம் வேண்டா, படி ஏற வேண்டா. அறுக்கும் சக்கரத்தில் நீர் விழுந்தால் தூசியின் பெரும்பகுதி சேறாகிக் கீழே விழுந்துவிடும். அந்த நீரைக் கேட்டால் மேஸ்திரி சொல்வது என்ன தெரியுமா? “தரை அசிங்கமாகும், கரண்ட் அடிக்கும், வேலை தாமதமாகும்.” மின் அச்சம் பொய்யன்று, அதற்கென நீர்வழி அமைந்த எந்திரமும் மின்கசிவுத் தடுப்பும் உண்டு. அவற்றை வாங்கத்தான் மனமில்லை. தரையின் தூய்மை பெரிது. மார்பின் தூய்மை சிறிது.

சட்டம் இல்லையா? உண்டு. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இலேயே வந்தது. தொழில்நோய்ப் பட்டியலில் கல்தூசி நோயும் பின்னர் இடம்பெற்றது. அச்சட்டம் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கி, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. நோய்ப் பட்டியல் அதிலும் தொடர்கிறது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கு அதற்கு நல வரியாகச் செல்கிறது. வாரியத்தில் பதிந்தவர் விபத்தில் இறந்தால் ஒரு தொகை. இயற்கையாக இறந்தால் அதனினும் குறைந்த தொகை. சாரத்திலிருந்து விழுந்தால் விபத்து. நுரையீரல் இறுகி, பதினான்கு ஆண்டு சிறுகச் சிறுக விழுந்தால்? இது தொழில்நோய் என்று மருத்துவர் ஒருவர் கையெழுத்திடாதவரை, அந்தச் சாவு ஏட்டில் ‘இயற்கை’! முப்பத்தெட்டு வயதில் மூச்சடங்குவது எந்த இயற்கையின் சட்டம்?

கேட்டவர்கள் பெற்றிருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். மத்தியப் பிரதேசத்துப் பழங்குடியினர் குஜராத்தின் கோத்ராப் பக்கத்துக் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு வேலைக்குச் சென்று, தூசி நிறைந்த மார்போடு ஊர் திரும்பி, ஒருவர்பின் ஒருவராக மடிந்தனர். ஊருக்குப் போய்ச் சாகிறவனின் சாவு ஆலையின் கணக்கில் வராது; அதுதான் புலம்பெயர் உழைப்பின் வசதி, முதலாளிக்கு. ஆனால் அங்கே சிலர் ஊர் ஊராகச் சென்று பெயர் எழுதினர்: யார், எந்த ஆலை, எத்தனை திங்கள். 238 சாவுகளைத் தேசிய மனித உரிமை ஆணையம் ஏற்று, குடும்பத்துக்கு மூன்று இலட்சம் தருமாறு 2010இல் பரிந்துரைத்தது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் குஜராத் அரசுக்கு ஆணையிட்டது. இராசஸ்தான் 2019இல் இந்நோய்க்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நோய் உறுதியானதும் நோயாளிக்கு உதவித்தொகை, இறந்தபின் குடும்பத்துக்கு மற்றொன்று. பிரிட்டனில் கல்தூசியால் ஆண்டுக்கு 500க்கு மேற்பட்ட கட்டடத் தொழிலாளர் இறப்பதாக அரசின் பாதுகாப்புத் துறையே மதிப்பிட்டு ஊரறியச் சொல்கிறது. ஆஸ்திரேலியா, சமையலறை மேடைக்குப் பயன்படும் செயற்கைக் கல்லை, அறுப்பவர்களின் நுரையீரலைக் கெடுக்கிறது என்பதற்காகவே, 2024 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்தது. மேடை அழகைவிட மூச்சு பெரிது என்று ஓர் அரசு முடிவு செய்யக்கூடும் என்பதற்கு அது சான்று.

நமக்கு அருகிலேயே ஒரு காட்சி. குன்றத்தூரை அடுத்த சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் இருக்கின்றன. பாறை போனபின் பள்ளம், பள்ளத்தில் மழைநீர். 2017ஆம் ஆண்டு வறட்சியில் சென்னை தவித்தபோது அந்தக் குவாரி நீரைச் சுத்திகரித்து நகருக்கு அனுப்பினர். எத்தனை நீர், எத்தனை நாள் வரும் என்றெல்லாம் ஏடுகள் எழுதின. அந்தப் பள்ளத்தைத் தோண்டிய கைகள் எங்கே, அவர்களின் மார்புகள் எப்படி இருக்கின்றன என்று எழுதிய ஏட்டை நான் காணவில்லை.

என் மாணவனின் தந்தையை, வேலையைக் கேட்டறியும் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன வேலைப்பா செஞ்ச, எத்தனை வருஷம்?” மார்பு ஒளிப்படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். சீட்டில் ‘கிரானைட், டைல்ஸ் அறுப்பு, 14 ஆண்டு, உலர் முறை’ என்று எழுதினார். அந்த ஒரு வரியால் நோய் தீராது. அதை அவர் மறைக்கவுமில்லை. ஆனால் வாரியத்தின் முன்னும் வழக்கின் முன்னும் வைக்க இப்பொழுது ஒரு தாள் இருக்கிறது. வீடு திரும்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: “என்கூட வேலை செஞ்ச பசங்க நாலு பேர் இன்னும் அறுத்துக்கிட்டிருக்காங்க சார். அவங்களுக்கு யாரு சொல்றது?”

அதனால் நாங்கள் ஐந்தாறு பேர், ஆசிரியரும் கல்லூரி மாணவரும், எங்கள் படிப்பகத்தில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். ஞாயிறு காலையில் தொழிலாளர் வருகின்றனர். பெயர், செய்யும் வேலை, ‘கூலி’ என்ற சொல் நீங்கலாக, எத்தனை ஆண்டு, நீர் விட்டு அறுப்பதா, உலர்வாக அறுப்பதா, இருமல் உண்டா, எடை குறைந்ததா, வாரியத்தில் பதிவு உண்டா. அவ்வளவே. இருமலுள்ளவர்களை ஒளிப்படம் எடுக்க அனுப்புகிறோம். பதியாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறோம். பதினெட்டு முதல் அறுபது வயது வரை பதியலாம் என்பதே பலருக்குப் புதுச்செய்தியாக இருக்கிறது. கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். முகக்கவசத்தைப் போட்டுக் காட்டினால் மூச்சு முட்டுகிறது என்கிறார்கள். முதலில் நீர், பிறகு கவசம் என்று விளக்கினால் மெல்லக் கேட்கிறார்கள். கடந்த வாரம் ஒரு கொத்தனார், தாம் வேலை செய்யும் வீட்டின் உரிமையாளரிடமே பேசி, நீர்க்குழாய் ஒன்றை அறுக்கும் இடத்துக்கு இழுத்துவிட்டதாக வந்து சொன்னார்.

ஓர் இடர்ப்பாடு. வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். இந்தியில் பேசினால் போதுமே என்று சிலர் எங்களுக்கு அறிவுரை கூறினர். அவர்களுக்கும் இந்தி தாய்மொழியன்று, மேஸ்திரி ஏவுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே தெரியும். மார்பில் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்பதை எவரும் தம் தாய்மொழியில்தான் சொல்ல முடியும். ஒடியா அறிந்த தோழர் எவரேனும் குன்றத்தூர், பம்மல், அனகாபுத்தூர்ப் பக்கம் இருப்பின், ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்து எங்களோடு அமர்க.